வெள்ளைக்கும் கூலி உண்டு

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானம்பாடி இதழ் ஒன்று கையில் சிக்கியது. மேலே பாலிடெக்னிக் கைடுகள், கீழே கட்டுக்கட்டாக வாரப் பத்திரிகைகள், நடுவில் இது. ஓரம் பழுத்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார்.

"இதென்ன, நோட்டீஸுங்ளா?"

கவிதைப் பத்திரிகை என்றேன்.

"அப்ப எம்பது ரூவா குடுங்க."

முகப்பைக் காட்டினேன். ‘விலையிலாக் கவிமடல்’ என்று அச்சடித்திருந்தது. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தார். "அது அன்னிக்குங்க. இன்னிக்குக் கடை வாடகை இருக்குதில்லீங்களா?"

நியாயம்தான். கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த ‘விலையிலா’ வீடு வரை கூடவே வந்தது.

பஞ்சு கண்டி என்ன விலை, நாற்பதாம் நம்பர் நூல் என்ன விலை என்ற கேள்வியோடு பொழுது விடிகிற ஊர் இது. மில் சங்கு ஊதிய காலத்திலும் சரி, மோட்டார் பம்பு வார்க்கும் பட்டறைகளின் காலத்திலும் சரி, ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அடக்கவிலையை மனசுக்குள் போட்டுப் பார்க்காத ஆள் இங்கே குறைவு. அந்த ஊரில்தான் 1971 அக்டோபரில் சிலர் கூடி, காசு வாங்காமல் கவிதையைக் கொடுப்பது என்று கிளம்பினார்கள். மானுடம் பாடும் வானம்பாடிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், சக்திக்கனல், கங்கைகொண்டான், மு. மேத்தா, சேலத்திலிருந்து தமிழ்நாடன், சிவகங்கையிலிருந்து மீரா, ஈரோட்டுத் தமிழன்பன் என்று வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. இவர்களில் பலரும் வாத்தியார்கள். பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ தமிழ் சொல்லிக்கொடுத்து மாதச் சம்பளம் வாங்கியவர்கள். ஒன்றாம் தேதிச் சம்பளத்தில் ஒரு பங்கு காகிதமாகவும் மையாகவும் தபால்தலையாகவும் ஆனது என்பதுதான் அந்த விலையின்மைக்குப் பின்னால் இருந்த கணக்கு.

கவிதைக்கு யாராவது ஒருவர் கூலி கொடுத்தே ஆக வேண்டும். வாசகர் கொடுக்காவிட்டால் கவிஞர், கவிஞர் கொடுக்காவிட்டால் அரசாங்கம், இல்லாவிட்டால் கட்சி, மடம், நண்பர். கொடுப்பவர் யார் என்பது கவிதையின் தொண்டையைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். வானம்பாடி பிறந்த அந்த ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றி வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

அதே அக்டோபர் 21ஆம் தேதி பாப்லோ நெரூதாவுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அப்போது அவர் பாரிஸில் சிலி நாட்டுத் தூதர். இதே மனிதர் 1923இல் முதல் தொகுப்பைக் கொண்டுவர, இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை விற்று, அப்பா கொடுத்த கைக்கடிகாரத்தை அடகு வைத்தவர். 1971இல் அவருடைய நாட்டில் நிலைமை தலைகீழ். அயெந்தே அரசு ஒரு பெரிய தனியார் பதிப்பகத்தை வாங்கி, கிமாந்தூ என்று பெயர் சூட்டி, பெட்டிக்கடையில் சிகரெட் பாக்கெட் விலைக்குப் புத்தகம் கிடைக்கும்படி செய்தது. இரண்டரை ஆண்டில் ஒரு கோடிக்கு மேல் பிரதிகள். 1973 செப்டம்பரில் ராணுவம் வந்தபோது அதே புத்தகங்கள் தெருவில் எரிந்தன. அரசு மலிவாகக் கொடுப்பதை அடுத்த அரசு கொளுத்தலாம்.

கியூபாவில் இன்னொரு வேடிக்கை. ஏபெர்த்தோ பதிய்யாவின் தொகுப்புக்கு 1968இல் எழுத்தாளர் சங்கமே பரிசு கொடுத்தது. பரிசு கொடுத்தால் அச்சிட்டாக வேண்டும், அச்சிட்டார்கள். ஆனால் புத்தகத்தின் முகப்பிலேயே, இதில் உள்ள கருத்துகள் எங்களுக்கு உடன்பாடில்லை என்று சங்கத்தின் கண்டனத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். தன் செலவில் அச்சிட்டு, அதிலேயே திட்டும் பதிப்பாளரை வேறு எங்கும் பார்க்க முடியாது. 1971 மார்ச்சில் பதிய்யாவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். முப்பத்தெட்டு நாள் கழித்து வெளியே வந்து, அதே சங்கத்தின் கூட்டத்தில் தன்னைத்தானே குற்றம் சொல்லிப் பேசினார்.

ரஷ்யாவில் அரசு அச்சகத்துக்கு வெளியே தட்டச்சுப் பொறிதான் பதிப்பகம். மெல்லிய தாள்களுக்கு இடையில் கார்பனைச் செருகி, கடைசிப் பிரதியும் தெரியும்படி ஓங்கித் தட்டுவார்கள். ஒரு முறைக்கு நாலைந்து பிரதி. வாங்கிப் படித்தவர் திரும்ப நாலைந்து எடுப்பார். அப்படிப் பரவிய கவிதைகளுக்குரிய ஜோசப் பிராட்ஸ்கியை 1972 ஜூனில் நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். மலிவுப் பதிப்பும் விலையிலா மடலும் ஊரைக் கூப்பிடும். கார்பன் பிரதி கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதற்கு.

பம்பாயில் 1972இல் நாம்தேவ் தசாலின் ‘கோல்பிட்டா’ கவிதைத் தொகுப்பு விஜய் டெண்டுல்கரின் முன்னுரையோடு வந்து மராத்தியைக் குலுக்கிற்று. நம் கரைக்குப் பக்கத்தில், இலங்கையின் கல்முனையிலிருந்து எம்.ஏ. நுஃமான் 1969-70இல் ‘கவிஞன்’ என்ற கவிதை இதழை நடத்தி முடித்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை அரசு தமிழ்நாட்டுப் பத்திரிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது சென்னை வாரப் பத்திரிகைகள் வரத்துக் குறைந்து, உள்ளூர் எழுத்துக்கு இடம் திறந்தது என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வானம்பாடிக் கவிதைகள் சத்தம் போடுகின்றன என்பது பழைய குற்றச்சாட்டு. மேடைப்பேச்சை மடக்கி எழுதியிருக்கிறார்கள், உவமையை மூட்டை மூட்டையாக இறக்கியிருக்கிறார்கள் என்று ‘எழுத்து’ வழிவந்தவர்கள் சொன்னார்கள். அந்த எண்பது ரூபாய் இதழை உட்கார்ந்து படித்தபோது குற்றச்சாட்டில் பாதிக்கு மேல் உண்மை என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் காரணத்தை அழகியலில் மட்டும் தேட வேண்டியதில்லை. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’, சந்தா கட்டிய சிலநூறு பேரைத் தேடிப் போன பத்திரிகை. அவர் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்தார். காசு கொடுத்து வாங்கியவன் எப்படியும் படிப்பான் என்ற நம்பிக்கையில் அங்கே கவிதை தாழ்ந்த குரலில் பேச முடிந்தது. விலையில்லாமல் ஒருவர் கையில் திணிக்கிற தாளுக்கு அந்த வசதி கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அதை வடை மடிக்க எடுத்துக்கொள்வதற்குள் முதல் வரியிலேயே அவர் சட்டையைப் பிடித்தாக வேண்டும். வானம்பாடியின் உரத்த குரலில் ஒரு பங்கு, அது போய்ச் சேர்ந்த வழியால் வந்தது.

அந்த வழி வீணும் போகவில்லை. 1973இல் ‘வெளிச்சங்கள்’ தொகுப்பு வந்தது. 1974இல் மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ வந்து பதிப்பு மேல் பதிப்பாகப் போனது. கல்லூரிப் பிள்ளைகள் புத்தகத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள், கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஓசியில் படித்துப் பழகிய கைதான் பிறகு காசு எடுத்து நீட்டியது என்பது என் ஊகம். காசு வாங்காத கூட்டத்திலிருந்து சிற்பிக்கு 2002இலும் தமிழன்பனுக்கு 2004இலும் மேத்தாவுக்கு 2006இலும் புவியரசுக்கு 2009இலும் சாகித்திய அகாதெமி விருது வந்து சேர்ந்ததை ஞானி எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசிப்பதுண்டு. சர்க்கரை நோயில் கண் பார்வை போன பிறகும் அவர் படிப்பதை நிறுத்தவில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், அவர் கேட்பார். கடைசி ஆண்டுகளில் அவர் வரையில் கவிதை மறுபடியும் காதுக்குத் திரும்பியிருந்தது. 2020 ஜூலையில் இறந்தார்.

காது என்றதும் அதே 1971இன் இன்னொரு புத்தகம் நினைவுக்கு வருகிறது. வானம்பாடிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த ஆண்டு சக்திக்கனல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைக் கோவையில் பதிப்பித்தார். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி கதை. கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவது. புதுக்கவிதைக்காரர்கள் மரபை உடைக்கக் கிளம்பிய அதே வருஷத்தில் அவர்களில் ஒருவர், எழுதாத மரபு ஒன்றைக் காகிதத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1965இல், கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தார். பல இரவுகள் ஓடிய பாட்டு. பிறகு அது ஆங்கிலமும் தமிழுமாக அச்சேறி, கார்ட்டூன் படமாகக்கூட ஆனது.

உடுக்கடிக்காரருக்குக் கூலி எப்படி வரும்? தானியமாக வரும், வேட்டி துண்டாக வரும், வேண்டுதல்காரர் தட்டில் போடுகிற காசாக வரும். யாரும் கேட்கிற ஆளுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. ஊரே சேர்ந்து கொடுத்துவிடுகிறது. கேட்பவர் திண்ணையில் படுத்துக்கொண்டு கேட்கலாம், நடுவில் தூங்கலாம், படுகளக் காட்சி வரும்போது எழுப்பிவிடச் சொல்லலாம். பாடுகிறவரும் அவசரப்படுவதில்லை. ஒரு குதிரையை வர்ணிக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். கூலி உறுதியானால் குரல் சாவகாசமாகிறது. ‘விலையிலா’ என்ற சொல்லை வானம்பாடிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லையோ, அண்ணன்மார் கோயில் திடலிலிருந்துதான் எடுத்தார்களோ என்றுகூடத் தோன்றுகிறது. எனக்கு அப்படி நம்பப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் ஆதாரம் கிடையாது.

அச்சு என்று வந்தால் கூலிக் கணக்கு கறாராகிவிடும். என் இருபதுகளில் ஒரு சின்னத் தொகுப்பை டிரெடில் அச்சகம் ஒன்றில் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகை, மில் ரசீதுப் புத்தகம், இரங்கல் அட்டை அடிக்கிற இடம். கவிதை அங்கே புதுச் சரக்கு. கம்பாசிட்டர் அண்ணன் முதல் பக்கத்தைக் கோத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, வரி பாதியிலயே நின்னு போவுது. மிச்சத்த என்ன பண்றது?"

அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன்.

"உட முடியாதுங் தம்பி. வெறும் எடம்னு ஒண்ணு இங்க கெடையாது. கட்டை போட்டு அடைக்கோணும். இல்லீன்னா எழுத்தெல்லாம் ஆடிப்போகும்."

அன்றைக்குத்தான் பார்த்தேன். என் பக்கத்தில் வெள்ளையாக இருக்கப்போகிற இடமெல்லாம் சட்டத்துக்குள் ஈயத் துண்டுகளாக இருந்தது. எழுத்தைவிட உயரம் குறைவான துண்டுகள். மை படாது, அதனால் தாளில் விழாது. ஒரு சொல்லை மட்டும் தனி வரியில் நிறுத்திவிட்டுப் பெரிய மௌனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில்தான் கைநிறைய ஈயம் போயிருந்தது. பக்கக் கூலியில் ஏதாவது குறையுமா என்று கேட்டேன். "வெள்ளைக்கும் கூலி உண்டுங் தம்பி. சொல்லப்போனா அதுக்குத்தான் வேல ஜாஸ்தி" என்றார். புத்தகம் வந்தபோது நாற்பத்தைந்தாம் பக்கமும் ஐம்பதாம் பக்கமும் இடம் மாறியிருந்தன. படித்த யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

வானம்பாடிக் காலத்துப் பெட்டிகளில் ‘லை’ தும்பிக்கையோடு இருந்தது. ணை, லை, ளை, னை நான்குக்கும் மேலே வளைந்து இறங்கும் அந்தக் கொம்பு. ஈரோட்டுப் பெரியார் 1935இலேயே தம் பத்திரிகைகளில் கழற்றிப் போட்ட கொம்பை, அரசு 1978இல் ஆணை போட்டுக் கழற்றியது. கோக்கிறவருக்குப் பெட்டியில் சில அறைகள் மிச்சம். ‘விலை’ என்று பழைய முறையில் அச்சான சொல்லைப் பார்க்கும்போது, அதற்குக்கூடத் தலையில் ஒரு சுமை இருந்ததுபோலத் தெரிகிறது.

இப்போது ஈயம் இல்லை. கணினியில் வெள்ளைக்குத் தனி வேலையும் இல்லை. ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடித்துவிட்டு லைப்ரரி ஆர்டருக்குக் காத்திருந்த காலம் போய், கவிதைத் தொகுப்பு என்றால் ஐம்பது, நூறு என்று தேவைக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஜூலையில் கொடிசியா புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு, டிசம்பரில் கோவையில் விஷ்ணுபுரம் விருது விழா. தேவதேவன் 2012இலும் ஞானக்கூத்தன் 2014இலும் தேவதச்சன் 2015இலும் அபி 2019இலும் விக்ரமாதித்யன் 2021இலும் அந்த விருதைப் பெற்றார்கள். இந்த மூன்று இடத்திலும் நான் கண்ட காட்சி ஒன்றுதான்: கவிஞர் தன் தோள்பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார். வாங்கியவர் தன் பையிலிருந்து தன் தொகுப்பை எடுத்து நீட்டுகிறார். இரண்டு பேருக்கும் பை எடை மாறவில்லை. முகப்பில் அச்சிடாத விலையிலாக் கவிமடல் இது. பின்னட்டையில் மட்டும் 150 ரூபாய் என்று போட்டிருக்கும்.

இந்த வழியில் போகிற கவிதைக்குச் சட்டையைப் பிடிக்கத் தேவையில்லை. வாங்குகிறவர் ஏற்கெனவே நண்பர். அதனால்தானோ என்னவோ, இன்றைய கொங்குக் கவிதை சத்தம் போடுவதில்லை. கவிஞர் இசையைப் படித்தால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காதோடு கேலி பேசுவதுபோல இருக்கிறது. க. மோகனரங்கன் இன்னும் மெதுவாகப் பேசுவார். இளங்கோ கிருஷ்ணன் தொகுப்பில் ஒரு குரலும் திரைப்பாட்டில் வேறொரு குரலுமாக இருக்கிறார். அங்கே கூலி கொடுப்பவர் வேறு. இந்தத் தாழ்ந்த குரலில் எனக்கு நிறையப் பிடிக்கும், ஒரு குறையும் உண்டு. நண்பனுக்கு மட்டும் புரிந்தால் போதும் என்ற சோம்பல் சில தொகுப்புகளில் ஏறிவிடுகிறது. அப்போது அந்தப் பழைய டீக்கடை பெஞ்சு ஞாபகம் வரும்.

காசு அல்லாத கூலியும் உண்டு. 2015 ஜனவரியில், தன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார் பெருமாள்முருகன். வெளியிட ஆள் தேடாமல், வெளியிடும் எண்ணமே இல்லாமல் அந்த நாட்களில் எழுதிய கவிதைகள், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு ‘கோழையின் பாடல்கள்’ ஆயின. அடுத்த ஆண்டே அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது. திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தமிழ் இவ்வளவு சீக்கிரம் ஆங்கிலத்துக்குப் போனதற்கு முன்னால் அவர் எதைக் கொடுத்தார் என்பது பின்னட்டையில் இருக்காது.

மொழிபெயர்ப்பின் கூலிதான் இருப்பதிலேயே மெலிந்தது. 1957இல் கோவையில் பிறந்த சுகுமாரன் நெரூதாவைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாரிஸுக்கு வந்த நோபல் செய்தி இந்த ஊர்க்காரர் வழியாகத் தமிழ்க் கவிதையாக வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. புவியரசு நஸ்ருல் இஸ்லாமை வங்கத்திலிருந்து கொண்டுவந்தார். சிற்பி லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் ‘அக்கினி சாட்சி’யை மலையாளத்திலிருந்து கொண்டுவந்தார். அந்தப் பக்கம் ஆற்றூர் ரவிவர்மா நம் புதுக்கவிதையை ‘புதுநானூறு’ என்று மலையாளத்துக்குக் கொண்டுபோனார். இங்கிருந்து கண்ணெட்டும் தூரத்தில் பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மழையும் வருகிற அதே இடைவெளியில் கவிதையும் போய் வந்திருக்கிறது. 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி வைத்து மொழிபெயர்ப்புக்கு அரசு நல்கை கொடுக்கிறது. நல்லதுதான். கவிதைக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது என்று எண்ணுகிறவர்களும் கவிஞர்கள்தான்.

போன மாதம் பாலக்காட்டு நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எழுத்துக் கூட்டித் தமிழ் படித்து மலையாளத்தில் மாற்றிப் பார்க்கிறவர். ஒரு புதுத் தொகுப்பும், முடிந்தால் அந்தப் பழைய வானம்பாடியும் வேண்டும் என்றார். தபாலில் அனுப்பலாம் என்றால், 2024 டிசம்பர் 18 முதல் பதிவுப் புத்தக அஞ்சல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100. பாடநூல் போகலாம், பண்பாட்டு நூல் போகலாம், சமய நூல் போகலாம். குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளிவருகிற பத்திரிகை போக முடியாது. வானம்பாடி குறிப்பிட்ட இடைவெளி எதிலும் வந்ததில்லை என்று அந்த ஜன்னலில் வாதாடலாம்தான்.

வீட்டிலேயே வேலையை முடித்துவிட்டுப் போனேன். தொகுப்பின் நடுவில், ஒரே ஒரு வரி மட்டும் இருந்த பக்கத்தில், அந்த மடலை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன். எழுத்து ஒன்றும் மறையவில்லை. கவுண்டர் அம்மா உறையைத் தராசில் வைத்தார். 142 கிராம்.

"உள்ள என்னங்க?"

"கவிதைப் புத்தகமுங்க."

"பத்திரிகை ஏதாச்சும் வெச்சிருக்கறீங்ளா?"

"கவிதைதானுங்க."

இருபது ரூபாய்க்குச் சில்லறை கேட்டார். கொடுத்தேன்.